நாலு விரல் கூட்டி

டிஸ்பென்சரிக் கதவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அம்சவேணி எட்டுக்கே வந்து வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். அப்படியும் அவளுக்கு முன்னால் பதினோரு பேர். எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் மாதத்து டில்லிப் புகையில் எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகைகூடச் சரியாகத் தெரியவில்லை. சிமெண்டு பெஞ்சு சில்லிட்டுக் கிடந்ததால் தன் சால்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் மகளை உட்கார வைத்திருந்தாள். கவிப்ரியாவுக்குப் பத்து வயது. வலது காலில் பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ. இடது காலில் வெறும் சாக்ஸ்தான். பெருவிரல் பக்கம் அது மஞ்சளாக ஊறிக் காய்ந்து மொடமொடத்திருந்தது.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"காலத் தூக்கி என் மடியில வச்சுக்க."

"பரவால்லம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

நேற்றுச் சாயங்காலம் துவைக்கப் போட சாக்ஸைக் கழற்றச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சாக்ஸ் கழலவில்லை, விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து உரித்துப் பார்த்தால் நகம் கறுத்து, ஓரமெல்லாம் சீழ் கோத்திருந்தது. மற்ற நாலு விரலும் உள்பக்கமாக மடங்கியே கிடந்தன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்குக் கவி சுவரைப் பார்த்துக்கொண்டு, "தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து" என்றாள். தீபாவளி போய் ஏழு வாரம் ஆகிறது.

அம்சவேணி யாரைக் குறை சொல்ல? அந்த ஷூவை எடுத்தவளே அவள்தான். அளவு பார்த்து, கடைக்காரனோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு எடுத்தவள்.

போன் அடித்தது. லோதி ரோடு ஆபீசில் அவளை வேலைக்கு வைத்திருக்கிற கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். அங்கே மூன்று மாடி வராந்தாவும் பத்து பாத்ரூமும் அவள் பொறுப்பு. மத்தியானம் வந்துவிடுகிறேன் பையா, அரை நாள் போட்டுக்கொள்ளுங்கள் என்று இந்தியில் கெஞ்சிப் பார்த்தாள். அரை நாள் என்றெல்லாம் கிடையாது, வந்தால் காலையில் வா, வராவிட்டால் முழுநாள் கட் என்று வைத்துவிட்டான். அவள் போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கான்ட்ராக்டர் கொடுத்த நீலக் கோட்டு அது. பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். தோள் இறங்கி, கை நீண்டு, அவளுக்கு அது யாரோ கழற்றிப் போட்டதுபோல இருக்கும். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

குடியிருக்கிற கோட்லா சந்தில் அம்சவேணிக்கு ஒரு பேர் உண்டு. பிள்ளைத்துணி எடுக்கணுமா, அம்சவேணியைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். குளிர்த்துணியைக் குளிர்காலத்தில் வாங்குகிறவன் ஏமாளி என்பது அவள் கட்சி. ஹோலி முடிந்த மறுவாரம், வெயில் சுள்ளென்று தலைகாட்டியதும், சரோஜினி நகர் நடைபாதைக்காரர்கள் ஸ்வெட்டரையும் கோட்டையும் மலையாகக் கொட்டிக் கூவுவார்கள். கோடவுனில் எலி கடிப்பதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அவர்கள் அலுத்துப்போகிற வாரம் அது. அந்த வாரத்தில் அடுத்த குளிருக்கு எடுத்துவிடுவாள். வெயில் காலத்துப் பருத்தித் துணியைத் தசரா கழிந்து எடுப்பாள். ஏப்ரலில் யூனிபார்ம் கடையில் ஊரே முட்டி மோதும்போது அவள் அந்தப் பக்கமே போவதில்லை. மேல் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பிப்ரவரியிலேயே சொல்லிவைத்து வாங்கியிருப்பாள். கவியின் பள்ளிப் பாவாடையில் மூன்று மடிப்பு உள்ளே வைத்துத் தைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்து விடுவாள். பிரித்த இடங்களில் பழைய மடிப்பின் தடம் வெளுத்த கோடாகத் தெரியும். இனி உடுத்தவே முடியாது என்று ஆனதைக்கூட விடமாட்டாள். பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பர்தன்வாலி தெருவில் வரும்போது அவளிடம் போட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணமாவது தேற்றிவிடுவாள்.

கெட்டிக்காரத்தனத்துக்காக மட்டும் செய்ததில்லை இது. நவம்பர் வந்தால் அந்த வீட்டில் காசு இருக்காது. அவள் புருஷன் கருப்பசாமி கட்டடங்களில் வயரிங் பைப் பதிக்கிறவன். இப்போது சரோஜினி நகரில் எழும்புகிற சர்க்கார் குவார்ட்டர்ஸில் வேலை. வருஷா வருஷம் குளிர் இறங்கும்போது காற்று கெட்டுப்போய்விட்டது என்று கட்டட வேலையை நிறுத்திவிடுவார்கள். பத்து நாளோ நாற்பது நாளோ, தினக்கூலிக்காரன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நிவாரணம் உண்டு என்றார்கள். அதற்கு லேபர் கார்டு வேண்டும். கருப்பசாமியின் கார்டு புதுப்பிக்கப் போய் எட்டு மாதமாகிறது. "காரு ஓடுது, கல்யாண வீட்டுல வெடி போடுறான், நான் செவுத்துல ஓட்ட போட்டாத்தான் ஊரு மூச்சு முட்டுது" என்று அவன் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு இரண்டு நாள் வரும். மூன்றாம் நாள் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

ஆகவே மார்ச்சில் வாங்கினால்தான் பிள்ளைக்கு டிசம்பரில் கம்பளி. கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. வேலை விட்டு நேரே பஸ் ஏறிப் போனால்தான் கடை அடைப்பதற்குள் போக முடியும். அதனால் கவியின் அளவு வீட்டுக் கதவு நிலையில் இருந்தது. ஹோலிக்கு ஒன்று, தசராவுக்கு ஒன்று. நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்து, பென்சிலால் ஒரு கோடு. அந்த உயரத்துக்கு நாடாவைப் பிடித்து, நாலு விரல் கூட்டி முடிச்சுப் போட்டு, பர்ஸில் வைத்துக்கொள்வாள். வளர்கிற பிள்ளைக்கு வருஷத்துக்கு நாலு விரல் என்பது அவள் கண்டுவைத்த கணக்கு. ஷூவுக்குக் காகிதத்தில் பாதத்தை வரைந்து கத்தரித்து எடுத்துப் போவாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்று வேறு சொல்லிக்கொள்வாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். போன வருஷம் மார்ச்சில் எடுத்த மெரூன் ஸ்வெட்டரை அந்த நவம்பரில் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தால் கை, மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. ஒரு நாள்கூடப் போடாத புது ஸ்வெட்டர். பிள்ளை அவள் கணக்கைத் தாண்டி வளர்ந்துவிட்டிருந்தது. அன்றைக்குத்தான் கருப்பசாமியின் வேலையும் நின்றிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏன்டி, உனக்கு வளர்றதத் தவிர வேற வேலையே இல்லையா? கொஞ்சம் நின்னு தொலைச்சா என்ன?" என்று கத்தினாள். கவி அழவில்லை. ஸ்வெட்டர் கையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டு, "சரியா இருக்கும்மா, பாரு" என்றாள். பிறகு அந்தக் குளிரை எப்படியோ ஒரு பழைய கோட்டைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அடித்ததை அம்சவேணி இரண்டு நாளில் மறந்துபோனாள்.

அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. இந்த ஹோலிக்கு அளந்தபோது கோடு, முந்தின தசராக் கோட்டிலேயே நின்றது. ஒரு நூல்கூட ஏறவில்லை. சில பிள்ளைகள் அப்படித்தான், ஒரு வருஷம் நின்று மறு வருஷம் வளரும் என்று ஆபீசில் வள்ளியம்மை அக்கா சொன்னாள். அம்சவேணி மலை மந்திருக்குப் போய் முருகனுக்கு ஒரு நெய்விளக்குப் போட்டாள். என் பிள்ளை வளரவில்லை என்று விளக்குப் போட்ட தாய் டில்லியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த மார்ச்சில் நாலு விரல் கூட்டவில்லை, இரண்டுதான் கூட்டினாள். ஷூவும் காகித அளவுக்கே எடுத்தாள். இந்தத் தசராவிலும் கோடு நகரவில்லை. ஸ்வெட்டர் கை குட்டையாகத் தெரிந்தபோது, துவைத்ததில் கம்பளி சுருங்கிவிட்டது என்று நினைத்தாள். சரோஜினி நகருக்கே போய் அந்த நடைபாதைக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கவியும் கூட இருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தரை மணிக்கு அவர்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். விரலைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்காமல், கையுறை மாட்டிக்கொண்டு மெதுவாக அழுத்தினாள். கவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு டாக்டர் குனிந்து அந்த வலது ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இந்த ஷூ எவ்வளவு நாளா போடறா?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஏப்ரலிலிருந்து, மேடம். புதுசுதான்."

"புதுசா பழசான்னு கேட்கலை. ரெண்டு சைஸ் சின்னது. விரலை மடக்கி மடக்கி உள்ளே வெச்சிருக்கா. உங்ககிட்டே சொல்லவே இல்லையா?"

"சொல்லலை மேடம்."

டாக்டர் கவியைப் பார்த்தாள், பிறகு அம்சவேணியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள். நகம் பாதியை எடுக்க வேண்டியிருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், இரண்டு வாரத்துக்கு மூடின ஷூ கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள். நாளைக்கு அரைப்பரீட்சை ஆரம்பம் என்று கவி மெல்லிய குரலில் சொன்னாள். செருப்புப் போட்டுக்கொண்டு போ, நான் சீட்டு எழுதித் தருகிறேன் என்றாள் டாக்டர்.

பக்கத்து அறையில் நர்ஸ் எடையும் உயரமும் பார்த்துக் குறித்து அனுப்பினாள். அம்சவேணி அப்போது மருந்துச் சீட்டோடு ஜன்னலில் நின்றிருந்தாள். திரும்பி வந்தபோது டாக்டர் பள்ளியில் கொடுத்த ஹெல்த் கார்டையும் நர்ஸின் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு நல்லா வளர்றா. போன வருஷம் நவம்பர்லேர்ந்து ஏழு சென்டிமீட்டர்."

"இல்ல மேடம். இவ ஒரு வருஷமா வளரலை. நான் வீட்டுல அளக்குறேன். ஹோலிக்கும் தசராவுக்கும் அளந்தேன், ஒரே அளவுதான்."

"வளரலைன்னு யார் சொன்னது? இவ வளந்திருக்கா. ஷூதான் வளரலை" என்று சிரித்துவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அம்சவேணி மகளை முதுகில் சுமந்து வந்தாள். கவி வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. முதுகில் பிள்ளை கனத்தது. கால் இரண்டும் முன்னைவிடத் தாழத் தொங்கி அவள் தொடையில் இடித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி மிஷின், அது என்னத்தைக் காட்டுமோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஏழு என்ற அந்த எண் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அறையில் கருப்பசாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். வேலை நின்று பன்னிரண்டு நாள் ஆகிறது. கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, மகளை வாங்கிக் கட்டிலில் உட்கார வைத்தான்.

"என்ன சொன்னாங்க?"

"ஷூ பத்தலையாம். ரெண்டு சைஸ் சின்னதாம்."

"நீ அளந்துதான எடுத்த?"

குத்திக்காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"அளந்துதாங்க எடுத்தேன். என்னையவே கேளுங்க. எல்லாப் பழியும் எனக்கே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. அரிசியைக் களைந்தாள், களைந்ததையே மறுபடி களைந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் பரீட்சைப் பேச்சு வந்தது. செருப்போடு போகமாட்டேன் என்று கவி பிடிவாதமாக இருந்தாள்.

"டாக்டர் சீட்டு குடுத்திருக்காங்கள்ல, என்னத்துக்குடி பயப்படுற?"

"அம்மா, பிளீஸ். எல்லாரும் கேப்பாங்க. ஸ்நேகா கேப்பா. ஷூ ஏன் போடலன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

ஸ்நேகா, அவள் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் பிள்ளை. கருப்பசாமி இடது ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் வேலைப் பையிலிருந்து வயர் சீவுகிற கத்தியை எடுத்தான்.

"இரு. முன்னாடி கொஞ்சம் வெட்டி விட்டுட்டா வெரலு வெளிய வந்துரும். மேல கறுப்பு சாக்ஸ் போட்டா யாருக்கும் தெரியாது."

"அப்பா, வேண்டாம்பா" என்று கவி கையை நீட்டினாள். "அத வெட்டிட்டா அப்புறம் யாருக்கும் ஆகாது. பர்தன்வாலி கூட எடுத்துக்க மாட்டா."

கருப்பசாமி கத்தியை நிறுத்தி மனைவியைப் பார்த்தான். அம்சவேணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அது அவளுடைய வாய் பேசுகிற பேச்சு. பத்து வயதுப் பிள்ளை வாயில் கேட்டபோது காது கூசியது. கருப்பசாமி தோலில் கத்தியை வைத்து அழுத்தினான். ஷூவின் முனை ஒரு பிறை மாதிரி விட்டுக்கொடுத்துத் தரையில் விழுந்தது.

நாலரை மணி வாக்கில் வள்ளியம்மை வந்தாள். அம்சவேணியோடு அதே ஆபீசில் கீழ் மாடி கூட்டுகிறவள், சந்தின் கோடியில் குடியிருக்கிறாள். கையில் ஆறு வாழைப்பழம் இருந்தது.

"என்னாச்சு பாப்பாவுக்கு? சூப்பர்வைசரு முழுநாள் போட்டுட்டான்டி. நானும் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"போடட்டும்க்கா."

வள்ளியம்மை கட்டிலில் உட்கார்ந்து கவியின் தலையைத் தடவினாள். "என் மவ ஜ்யோத்ஸ்னா இருக்காளே, அது முருங்க மரமா ஏறுது. போன மாசம் வாங்கின சுடிதாரு இந்த மாசம் கெண்டக்காலுக்கு வந்துருச்சு. உன் பிள்ள பரவால்ல அம்சா. வீட்டு நெலம தெரிஞ்ச புள்ள. வளராம நிக்குது பாரு. ஆபீசுல நீ சொன்னதுலேர்ந்து நான் அவகிட்ட இதத்தான் சொல்லுதேன், கவிய பாத்துக் கத்துக்கடின்னு."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அம்சவேணி சிரிக்க முயன்றபடி மகளைப் பார்த்தாள். கவியின் முகத்தில், காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு சந்தோஷம் வந்திருந்தது. கணக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கிய அன்று வருகிற அதே சந்தோஷம்.

வள்ளியம்மை போன பிறகும் அந்த முகம் அம்சவேணியை விடவில்லை. ஆபீசில் டீ குடிக்கிற நேரத்தில் எத்தனை பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! பிள்ளைக்கும் கேட்கும்படி வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! மருந்துச் சீட்டோடு வந்த நர்ஸின் உயரச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது, எண் படிக்க வரும்.

"ஏங்க, அந்த ஸ்கேல எடுங்க. இவள ஒருதரம் அளந்து பாத்துருவோம்."

"இப்ப எதுக்கு? காலு வலிக்கும் அதுக்கு."

"ஏழு சென்டிமீட்டருன்னு சொல்றா அந்த டாக்டரம்மா. எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. கோடு அங்கதான் இருக்கு, பாத்துட்டா தீந்துபோச்சு."

"நான் நிக்கிறேன்மா" என்று கவி உடனே எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய் நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். பூப்போட்ட நைட்டி போட்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஆகும் என்று பெரிதாக எடுத்தது, தோள் தொங்கி, தொளதொளவென்று பாதம்வரை விழுந்தது. பல்பு வெளிச்சத்தில் நிலையில் இருந்த கோடுகள் ஏணிப்படி மாதிரி தெரிந்தன. மேலே போகப் போகக் கடைசி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து ஒரே தடித்த கோடாக இருந்தது.

எப்போதும் அம்சவேணிதான் அளப்பாள். இன்றைக்குக் கருப்பசாமி ஸ்கேலை மகளின் உச்சந்தலையில் வைத்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான்.

"அதே எடம்தான். அந்தக் கோட்டு மேலயே இருக்கு" என்றான்.

"பாத்தியாம்மா?" என்றாள் கவி. "நான் வளரல."

அம்சவேணிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. மிஷின்தான் தப்பு. கட்டுப் போட்ட கால் தரைக் குளிரில் ஊன்றியிருப்பதைப் பார்த்து, மடித்த சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள். பாதத்தை மெல்லத் தூக்கி அதன் கீழே சாக்கைச் சொருகினாள். பாதம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரினால் என்றுதான் முதலில் நினைத்தாள். நிமிரப் போனவளின் நெற்றியில் ஏதோ இடித்தது. நைட்டிக்குள்ளிருந்து, இரண்டு முட்டியும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றன.

இத்தனை வருஷமும் அவள் தலையைத்தான் பார்த்து அளந்திருக்கிறாள். காலை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

"கவி."

"என்னம்மா?"

"முட்டிய நீட்டு."

"நேராத்தான் நிக்கிறேன்."

அம்சவேணி துணிக்கு மேலாகவே இரண்டு முட்டியிலும் கையை வைத்தாள். முட்டியிலும் அதே நடுக்கம். இதற்கு முன் இரண்டு தடவை அப்படி நின்று சமாளித்த கால்கள்தான், ஆனாலும் இன்றைக்குப் புண்ணோடு நிற்க முடியவில்லை. "எப்பலேர்ந்துடி?" என்று கேட்டாள்.

கவி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்த ஸ்வெட்டர் பத்தாமப் போச்சுல்ல, அதுக்கப்புறம்" என்றாள். "காகிதத்துல கால் வரையும்போதும் விரல மடக்கிக்கிட்டேன். ஸாரிம்மா. ஷூ இவ்ளோ டைட்டா வரும்னு எனக்குத் தெரியாது."

கருப்பசாமியின் கையில் ஸ்கேல் அப்படியே நின்றது. அம்சவேணி முட்டி இரண்டையும் உள்ளங்கையால் மெதுவாகப் பின்னால் தள்ளினாள். பிள்ளை எதிர்க்கவில்லை. கால் நீள, முதுகு நிலையில் உரசிக்கொண்டு மேலே ஏறியது. கருப்பசாமியின் ஸ்கேல் அந்தத் தலையோடு கூடவே ஏறிப் போய், தடித்த கோட்டைத் தாண்டி, பென்சில் படாத மரத்தில் போய் நின்றது. நிமிர்ந்து நின்றபோது நைட்டி கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டது.

அம்சவேணி தட்டுத்தடுமாறி எழுந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பழைய கோட்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே எத்தனை விரல் என்று பார்க்க வலது கையை உயர்த்தினாள்.

ஓங்கிய கையைப் பார்த்ததும் கவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். முட்டி இரண்டும் மெல்ல மடங்கின. தலை கீழே இறங்கி, பழைய கோட்டுக்கே வந்து நின்றது.